கிம்ப் 3-ஐ மூல நிரலிலிருந்து கட்டும்போது பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டு நிற்பது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், உபுண்டு 24.04. படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் நிரலில் ஒரு சின்னத் திருத்தம் செய்து பார்க்க ஆசைப்பட்டு, கிம்ப் 3-ஐ மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது ஓடும் நிரலாக மாற்ற, தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இல்லை என்கிறது. அதை நிறுவினால் அடுத்ததைக் கேட்கிறது. கடைசியில் கிம்ப்புக்குத் தேவையான பேபிள், கெகல் என்ற லைப்ரரிகள் இரண்டும் பழசு என்று நின்றுவிட்டது. புதிய பேபிளை நீங்களே கட்டி ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவிய பிறகும், கட்டுமானத்தைத் தயார் செய்யும் மேசன் என்ற கருவி அதே பழைய பதிப்பு எண்ணைத்தான் காட்டுகிறது. லேப்டாப் போதாதோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் தடுத்து வைத்திருக்கும் கேள்வி வேறு: கண்ணெதிரே புதிய லைப்ரரி இருக்கும்போது அது ஏன் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது?

லேப்டாப் தாராளமாகப் போதும். கிம்ப்பின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சி கோப்புகள் கம்பைல் ஆகும்போது நினைவகத்தை அவ்வளவாகத் தின்பதில்லை. லிப்ரே ஆபீஸ், குரோமியம் போன்ற பெரிய சி++ மென்பொருள்களைக் கட்டும்போதுதான் 8 ஜிபி ராம் திணறும். எனவே அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிம்ப் 3-ஐப் பயன்படுத்துவது மட்டும் நோக்கம் என்றால் யாரும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டி முடித்த வடிவங்கள் கிடைக்கின்றன: பிளாட்ஹப் தளத்தில் பிளாட்பேக் இருக்கிறது, கிம்ப் குழுவே ஆப்இமேஜும் தருகிறது. தமிழ் மெனுவில் ஒரு சொல்லைத் திருத்திப் பார்ப்பதற்குக்கூட முழுக் கட்டுமானம் தேவையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ கோப்பைத் திருத்தி, எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற சிறு கருவியால் எம்ஓ கோப்பாக மாற்றி, நிறுவப்பட்ட கிம்ப்பின் மொழி ஃபோல்டரில் வைத்துத் திறந்தால் மாற்றம் தெரிந்துவிடும். நீங்கள் நிரலையே தொட விரும்புகிறீர்கள், அதனால் கம்பைல் செய்வதுதான் சரியான வழி.

லினக்ஸ் கணினிகளில் மென்பொருள்களைக் கட்டிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. இதில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை கம்பைலருடையவை அல்ல, தேடலுடையவை. ஒரே லைப்ரரியை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடங்களில் தேடுகிறார்கள். கட்டுமானத்தைத் தயார் செய்யும்போது மேசனுக்காக பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி தேடுகிறது. கம்பைல் செய்து இணைக்கும்போது கம்பைலரும், துண்டுகளை இணைக்கும் லிங்கரும் தேடுகின்றன. முடித்துவிட்டு நிரலை ஓட்டும்போது டைனமிக் லோடர் என்ற இன்னொன்று தேடுகிறது. ஒருவருக்குச் சொன்ன வழி மற்றவருக்குத் தெரியாது. எந்தப் பிழை வந்தாலும் 'இப்போது தேடுவது யார், எங்கே தேடுகிறார்' என்று கேட்டுப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். கிம்ப்புக்கு மட்டுமல்ல, இங்க்ஸ்கேப், கேடிஇ நிரல்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

முதல் ஆளைப் பார்ப்போம். பிகேஜி-கான்ஃபிக் லைப்ரரியையே தேடுவதில்லை. பிசி என்ற நீட்சியுள்ள ஒரு சிறிய உரைக் கோப்பைத் தேடுகிறது. கெகலின் பிசி கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. எந்த இடத்தில் நிறுவப்பட்டது, லைப்ரரி எந்த ஃபோல்டர், ஹெடர் கோப்புகள் எந்த ஃபோல்டர், பதிப்பு எண் என்ன என்று சில வரிகள்தான் இருக்கும். மேசன் காட்டும் பதிப்பு எண் இந்தக் கோப்பில் உள்ள வெர்ஷன் வரியிலிருந்து வருவது. உபுண்டுவில் இந்தக் கோப்பு சாதாரணத் தொகுப்பில் வராது, பெயர் 'டெவ்' என்று முடியும் தொகுப்பில்தான் வரும். லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருந்தும் 'இல்லை' என்று மேசன் சொல்வதற்கு இதுவே காரணம். எந்தத் தொகுப்பில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தேட ஏபிடி-ஃபைல் என்ற கருவி உண்டு. ஒவ்வொன்றாக ஊகித்து நிறுவுவதைவிட அதில் தேடுவது வேகம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் இழுக்க, உபுண்டுவில் தொகுப்புகளை நிறுவும் ஏபிடி-யின் பில்ட்-டெப் கட்டளையைப் பரிந்துரைப்பார்கள். நல்ல கட்டளைதான். அது வேலை செய்ய மூலத் தொகுப்புகளின் பட்டியல் திறந்திருக்க வேண்டும். 24.04-இல் அந்த அமைப்பு புது வடிவத்துக்கு மாறிவிட்டது, 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்பில் டைப்ஸ் வரியில் 'டெப்' என்பதற்குப் பக்கத்தில் 'டெப்-எஸ்ஆர்சி' என்றும் சேர்க்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் மாட்டியிருப்பதும் இதில்தான் என்று நினைக்கிறேன். உபுண்டு 24.04 வைத்திருப்பது கிம்ப் 2.10. பில்ட்-டெப் அந்தப் பதிப்புக்குத் தேவையானதை நிறுவும். அது சாளரம், பொத்தான்களை வரையும் ஜிடிகே லைப்ரரியின் பழைய ஜிடிகே 2-ஐக் கொண்டுவரும். உங்களுக்கு வேண்டியது ஜிடிகே 3. அதோடு பேபிள், கெகல் இரண்டின் பழைய டெவ் தொகுப்புகளையும் சேர்த்தே நிறுவிவிடும். அப்புறம் அந்தப் பழைய பிசி கோப்புகள் பிகேஜி-கான்ஃபிக் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் தயாராக உட்கார்ந்திருக்கும். உங்கள் புதியதை அது காணத் தவறும்போதெல்லாம் பிழை 'இல்லை' என்று வராது, 'பழசு' என்றே வரும்.

இந்த இரண்டு லைப்ரரிகள் மட்டும் ஏன் எப்போதும் தகராறு என்று கேட்கலாம். கிம்ப்பை 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கினார்கள். படத்தின் புள்ளிகளைக் கணக்கிடும் வேலையெல்லாம் வெகுகாலம் கிம்ப்புக்குள்ளேயே நடந்தது. 2018-இல் வந்த 2.10 பதிப்பில் அது ஏறக்குறைய முழுவதும் கெகலுக்கு மாறியது. நிற வடிவங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பொறுப்பு பேபிளுக்கு. மூன்றும் ஒரே வட்டத்து ஆட்களால் ஒன்றாக வளர்க்கப்படுகின்றன. கிம்ப்பில் ஒரு புது வசதி வேண்டுமென்றால் அதன் அடித்தளத்தை முதலில் கெகலில் போட்டுவிட்டு, உடனே அந்தப் புதிய கெகல்தான் வேண்டும் என்று கிம்ப்பில் எழுதிவிடுவார்கள். உபுண்டு 24.04 வந்தது ஏப்ரல் 2024-இல். கிம்ப் 3.0 வந்தது மார்ச் 2025-இல். இடையில் ஏறக்குறைய ஓராண்டு போய்விட்டது, அதனால் உபுண்டுவின் கெகல் போதாமல் போவது இயல்பு. பேபிள், கெகல், கிம்ப் என்ற வரிசையில் மூன்றையும் நீங்களே கட்ட வேண்டும். மற்றவற்றை முடிந்தவரை உபுண்டுவிடமிருந்தே வாங்குங்கள். பல நிரல்களுக்கு அடிப்படையான கிலிப், ஜிடிகே போன்றவற்றையும் கட்டத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது.

சரி, புதிய பேபிளை ஏன் காணவில்லை? நான் முதலில் சந்தேகப்படுவது ஃபோல்டர் பெயரை. ஹோமுக்குள் ஒரு ஃபோல்டரை நிறுவுமிடமாகக் கொடுத்துவிட்டு, அதனுள் 'லிப்', அதனுள் 'பிகேஜிகான்ஃபிக்' என்று பாதையை எழுதி, பிகேஜி-கான்ஃபிக்-பாத் என்ற சூழல் மாறியில் (டெர்மினல் தன்னிலிருந்து ஓடும் நிரல்களுக்குக் கொடுக்கும் ஒரு மதிப்பில்) போட்டிருப்பீர்கள். பழைய கன்ஃபிகர்-மேக் முறையில் அது சரி. ஆனால் டெபியன், உபுண்டு கணினிகளில் மேசன் தானாகத் தேர்வது அந்த இடமல்ல. 'லிப்' ஃபோல்டருக்குள் கணினி வகையின் பெயரில் இன்னொரு ஃபோல்டரை உருவாக்குகிறது. இன்டெல், ஏஎம்டி லேப்டாப்பாக இருந்தால் அதன் பெயர் எக்ஸ்86-64 என்று தொடங்கி லினக்ஸ், குனு என்று முடியும். பிசி கோப்பு அதற்கும் உள்ளே போய்விடும். நீங்கள் காட்டிய பாதை காலி. ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்று பாதையை முழுதாக எழுதுங்கள், அல்லது மூன்றையும் கட்டும்போது லிப்டைர் என்ற விருப்பத்தில் வெறும் 'லிப்' என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, பின்னால் எழுத வேண்டிய மற்றப் பாதைகளும் சின்னதாகிவிடும்.

பாதையைத் திருத்திய பிறகும் மேசன் பழைய பாட்டையே பாடினால் ஆச்சரியப்படாதீர்கள். முதல் தடவை செட்டப் செய்யும்போது சூழலில் இருந்த பாதையை அது தன் பில்ட் ஃபோல்டருக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு டெர்மினலில் மாறியை மாற்றினாலும் பழைய குறிப்பையே பார்க்கும். அந்த பில்ட் ஃபோல்டரை முழுவதும் அழித்துவிட்டு செட்டப்பை மீண்டும் ஓட்டுங்கள். அதில் இருப்பதெல்லாம் உருவாக்கப்பட்ட கோப்புகள்தான், உங்கள் நிரல் எதுவும் போகாது. ஓட்டுவதற்கு முன் பிகேஜி-கான்ஃபிக்கிடமே கெகலின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயே பழைய எண் வந்தால் மேசனைக் குறைசொல்லிப் பயனில்லை.

இரண்டாவது சந்தேகம் அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு. பைத்தான் பாடத்துக்காக நிறைய மாணவர்கள் அதை நிறுவியிருப்பார்கள். அதற்குள் அதற்கென்று ஒரு பிகேஜி-கான்ஃபிக்கும் லைப்ரரிகளும் வரக்கூடும். அதன் பாதை பட்டியலில் முன்னால் நிற்பதால் உபுண்டுவுடையதை மறைத்துவிடும். 'விச்' கட்டளையிடம் பிகேஜி-கான்ஃபிக் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதிலில் அனகோண்டா ஃபோல்டர் வந்தால் அந்தச் சூழலிலிருந்து வெளியேறிவிட்டுக் கட்டுங்கள்.

இந்த இரண்டில் முதலாவதற்கே வாய்ப்பு மிக அதிகம். ஆனால் நீங்கள் ஒட்டியிருப்பது லாக்கின் கடைசி சில வரிகள் மட்டும், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவியது நல்ல முடிவு, அதை மாற்றாதீர்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு, கணினி முழுவதற்கும் பொதுவான யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் நிறுவச் சொல்லி யாராவது எழுதுவார்கள். அப்படிச் செய்தால் உங்கள் தேடல் சிக்கல் மறைந்துபோகலாம். ஆனால் உபுண்டுவின் லோடர் அந்த இடத்தை முன்னதாகவே பார்ப்பதால், கணினியில் ஏற்கெனவே உள்ள கிம்ப் 2.10 உட்பட மற்ற நிரல்களும் நீங்கள் கட்டிய லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். பேபிளோடு நின்றால் பெரிய சேதம் வராமல் போகலாம். கிலிப் போன்ற ஒன்றை அங்கே போட்டுவிட்டால் டெஸ்க்டாப்பே திறக்காமல் போகும் அபாயம் உண்டு. ஹோமுக்குள் இருந்தால் வேண்டாதபோது அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும்.

அதற்கு ஈடாகத் தேடும் ஒவ்வொருவருக்கும் நீங்களே வழி சொல்ல வேண்டியிருக்கும். பிகேஜி-கான்ஃபிக்-பாத் பற்றிச் சொல்லிவிட்டேன். ஓடும்போது தேடும் லோடருக்கு எல்டி-லைப்ரரி-பாத். பாத் என்ற மாறியில் உங்கள் பின் ஃபோல்டர். பைத்தானில் எழுதிய பிளக்-இன்களுக்காக ஜிஐ-டைப்லிப்-பாத். ஐந்தாவது எக்ஸ்டிஜி-டேட்டா-டைர்ஸ், பலர் மறப்பது இதைத்தான். கெகலைக் கட்டும்போது ஸ்கேனர் என்ற ஒரு கருவி பேபிளின் ஜிஐஆர் கோப்பை (வேறு மொழிகள் அந்த லைப்ரரியைப் பயன்படுத்த உதவும் விவரக் கோப்பை) தேடும், அது பார்ப்பது இந்த மாறியில் உள்ள இடங்களில். பேபிளின் ஜிஐஆர் கிடைக்கவில்லை என்று கெகல் பாதியில் நின்றால் காரணம் இதுதான். இதில் உங்கள் பாதையை முன்னால் சேர்க்கும்போது யூஎஸ்ஆர்-லோக்கல்-ஷேர், யூஎஸ்ஆர்-ஷேர் இரண்டையும் பின்னால் விட்டுவையுங்கள். அவை போய்விட்டால் அந்த டெர்மினலிலிருந்து திறக்கும் நிரல்களில் ஐகான்கள் காணாமல் போகும்.

இந்த ஐந்தையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, கட்டும் டெர்மினலில் மட்டும் 'சோர்ஸ்' கட்டளையால் ஏற்றுங்கள். ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி-யில் எழுதாதீர்கள். அங்கே போனால் திறக்கிற எல்லா டெர்மினலிலும் எல்லா நிரல்களும் உங்கள் லைப்ரரிகளைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ உடையும்போது காரணம் நினைவுக்கு வராது. கோப்பை கிம்ப் கட்டும் முன்பே சோர்ஸ் செய்துவிடுங்கள். கிம்ப் 3 கட்டப்படும்போதே பாதியில் உருவான தன்னையே ஒரு தடவை ஓட்டிச் சில தரவுக் கோப்புகளை உருவாக்குகிறது. அந்த நேரத்தில் லோடருக்குப் புதிய கெகல் தெரியாவிட்டால் 'கம்பைல் பிழை' போலத் தோன்றும் ஒன்று வரும், நிரலில் ஒரு குறையும் இருக்காது.

மூல நிரலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். ஐகான், தூரிகை போன்றவை கிம்ப்-டேட்டா என்ற தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன, முதன்மைக் களஞ்சியத்தில் சப்மாட்யூலாக, அதாவது துணைக் களஞ்சியமாக, இணைக்கப்பட்டிருக்கின்றன. நிரலின் மாற்றங்களைப் பராமரிக்கும் கிட் கருவியால் குளோன் செய்தால் (களஞ்சியத்தை நகலெடுத்தால்) சப்மாட்யூலையும் கேட்டு வாங்க வேண்டும். கிட்லேப் பக்கத்தில் தானாகக் கிடைக்கும் ஜிப் கோப்பில் அது வராது, ஃபோல்டர் காலியாகவே இருக்கும். வெளியீட்டுக்கென்று கிம்ப் குழு தரும் டார் கோப்பில் எல்லாம் இருக்கும். நீங்கள் திருத்தம் அனுப்பப்போகிறீர்கள் என்பதால் கிட் குளோன்தான் சரி.

கட்டும்போது திரையில் மஞ்சளாக ஓடும் வார்னிங்குகளைக் கண்டு நிற்க வேண்டாம். நின்றுபோனால் கடைசி வரியைப் படிக்காதீர்கள். மேசன் தயார் செய்ததைக் கட்டி முடிக்கும் நிஞ்சா என்ற கருவி பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதால் உண்மைப் பிழை நாற்பது ஐம்பது வரி மேலே இருக்கலாம். ஒரே ஒரு வேலை என்று சொல்லி மீண்டும் ஓட்டினால் பிழையும் அதன் காரணமும் அடுத்தடுத்து நிற்கும். நிஞ்சா வழக்கமாகப் பிராசஸர் எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதலாக வேலைகளை ஓட்டும். பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்திருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'கில்ட்' என்று மட்டும் சொல்லிக் கம்பைலர் செத்தால் அது நிரல் பிழையல்ல, ராம் தீர்ந்து கெர்னல் நிறுத்திவிட்டது என்று பொருள்.

கட்டி முடித்து ஓட்டும்போது உங்கள் கிம்ப்தானா, சரியான கெகல்தானா என்று எல்டிடி கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும். கிம்ப்3-டைரக்டரி என்ற மாறியில் தனி ஃபோல்டர் கொடுத்தால் அன்றாட கிம்ப்பின் அமைப்புகள் தொடப்படாது. சொந்த வேலையாக வைத்திருக்கும் எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்த வடிவம்) கோப்புகளைச் சோதனைக் கிம்ப்பில் திறந்து சேமிக்காதீர்கள், நகலில் மட்டும் விளையாடுங்கள். புதிய பதிப்பின் வசதிகளோடு சேமித்த கோப்பை 2.10 திறக்காமல் போகலாம்.

நீங்களே கம்பைல் செய்தால் வேகமாக ஓடும் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நான் நம்பவில்லை. பேபிளும் கெகலும் வெவ்வேறு தலைமுறைப் பிராசஸர்களுக்கான வடிவங்களைச் சேர்த்தே கட்டப்படுகின்றன, ஓடும்போது உங்கள் பிராசஸரைப் பார்த்துப் பொருத்தமானதைத் தேர்கின்றன. அந்த லாபத்தின் பெரும்பகுதி பிளாட்பேக்கிலேயே கிடைத்துவிடுகிறது. சில இடங்களில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். அதற்காக ஒரு வார இறுதியைச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். நிரலைத் திருத்த வேண்டும் என்ற உங்கள் காரணம்தான் செலவழிக்கத் தகுந்த காரணம். முதல் கட்டுமானத்துக்குத்தான் இவ்வளவு பாடு. பிறகு ஒரு சி கோப்பைத் திருத்திவிட்டு நிஞ்சாவை ஓட்டினால் அந்தக் கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மீண்டும் கட்டும், பெரும்பாலும் சில நொடிகளில் முடியும்.

கம்பைல் செய்யும் முழுக் கட்டளைகள் கிம்ப்பின் டெவலப்பர் தளத்தில் இருக்கின்றன, அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு விருப்பங்கள் மாறும் என்பதால் என் நினைவிலிருந்து எழுதுவதைவிட அது நம்பகமானது. இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் மூன்றைப் போடுங்கள்: பில்ட் ஃபோல்டருக்குள் மேசன் எழுதி வைக்கும் முழு லாக், ஐந்து மாறிகளின் அப்போதைய மதிப்புகள், ஹோமுக்குள் நீங்கள் நிறுவிய ஃபோல்டரில் பிசி கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல். அவற்றைப் பார்த்துவிட்டு எங்கே முட்டுகிறது என்று சொல்கிறேன்.